உதவித்தொகைக்குப் பதிலாக வேலை: டஸ்கீகி முதல் வொர்க்-ஸ்டடி வரை

“ஏழை மாணவனுக்குப் பணத்தைச் சும்மா கொடுக்காதீர்கள், கல்லூரி வளாகத்திலேயே ஒரு வேலையைக் கொடுங்கள், படித்துக்கொண்டே சம்பாதிக்கட்டும்.” இந்த யோசனை இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் சில ஆண்டுகளுக்கு முன், சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கான வழிகாட்டு நெறிகளின் வரைவில் இதைச் சேர்த்தது. ஆதரிப்பவர்கள் உடனே அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே எல்லோரும் வேலை செய்துதான் படிக்கிறார்கள், பாத்திரம் கழுவக்கூட யாரும் வெட்கப்படுவதில்லை என்கிறார்கள்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே எந்த மாணவன் கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது, எந்த மாணவன் கையில் நூலகச் சாவி கொடுக்கப்பட்டது என்பதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி கறுப்பின மக்களின் வரலாறு. நம் ஊரில் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1872-ல் புக்கர் டி. வாஷிங்டன் என்ற இளைஞர் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஏறக்குறைய 500 மைல் கடந்து ஹாம்ப்டன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அடிமையாகப் பிறந்தவர். வழியில் கையிலிருந்த காசு தீர்ந்து, தெருவோரப் பலகை நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறார். பள்ளியில் அவருக்கு வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு ஒரு வகுப்பறையைப் பெருக்குவது. மூன்று முறை பெருக்கினார், நான்கு முறை தூசி துடைத்தார். தலைமை ஆசிரியை கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 10 டாலர் ஆகும். அதை ஈடுகட்டப் பள்ளியின் துப்புரவு வேலை அவருக்குக் கிடைத்தது. 1901-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவத்தை அவர் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

அந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் வந்த ஒருவருக்கு அந்தத் துடைப்பம் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்தத் தேர்வை வைத்த பள்ளி எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஹாம்ப்டனை 1868-ல் தொடங்கியவர் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி. அங்கே மாணவர்கள் பண்ணையிலும் சலவைக்கூடத்திலும் சமையலறையிலும் நாள்கணக்கில் உழைத்தார்கள். 1988-ல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் ஒன்றை விளக்குகிறார். ஹாம்ப்டன் முதன்மையாக ஆசிரியர்களை உருவாக்கிய பள்ளி. அந்த உடலுழைப்பின் நோக்கம் தொழில்திறன் தருவதைவிட, தெற்கத்திய சமூகத்தில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட கீழ்நிலையை ஏற்கும் மனநிலையை வருங்கால ஆசிரியர்களிடம் பழக்குவதாகவே இருந்தது. சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

வாஷிங்டன் 1881 ஜூலை 4 அன்று அலபாமாவில் டஸ்கீகி பள்ளியைத் திறந்தபோது அதே முறையைக் கையோடு கொண்டு போனார். கட்டடங்களை மாணவர்களே கட்டினார்கள். செங்கல்லையும் அவர்களே அறுத்துச் சூளை வைத்தார்கள். மூன்று சூளை கெட்டுப் போனது. நான்காவது சூளைக்குப் பணமில்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தச் சூளை வெந்தது. விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக 1884-ல் ஓர் இரவுப் பள்ளி தொடங்கினார். அதில் சேர்ந்தவர் பகலில் 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், இரவில் 2 மணி நேரம் படிக்கலாம். கூலியில் சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியது பள்ளிக் கருவூலத்திலேயே இருக்கும். ஓரிரு ஆண்டு கழித்துப் பகல் பள்ளியில் சேரும்போது அது கட்டணத்துக்குக் கழிக்கப்படும். அதாவது மாணவர் கைக்குப் பணம் வராது. வேலை கொடுப்பவர், கூலி நிர்ணயிப்பவர், கூலியைப் பிடித்து வைப்பவர், பாடம் நடத்துபவர் எல்லாம் ஒரே நிறுவனம்.

இந்த முறையைக் கறுப்பின மக்கள் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. பெற்றோர் பலர் எதிர்த்ததாக வாஷிங்டனே எழுதியிருக்கிறார். சிலர் கடிதம் எழுதினார்கள், சிலர் நேரில் வந்தார்கள். எங்கள் பிள்ளைகளை வேலை வாங்காதீர்கள், புத்தகம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். புத்தகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மகிழ்ச்சி அவர்களுக்கு என்று வாஷிங்டன் சற்றுக் கேலியாகவே சொல்கிறார். உழைப்பின் மாண்பு தெரியாதவர்கள் என்பது அவருடைய முடிவு.

நமக்கு அப்படித் தோன்றவில்லை. பருத்திக் காட்டிலேயே முதுகு வளைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியாத உழைப்பா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதே அந்த உழைப்பிலிருந்து மீட்கத்தான். அங்கேயும் மண்வெட்டியைக் கொடுத்தால் ஏன் அனுப்ப வேண்டும்? நம் சேரிப் பெற்றோர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளையை மட்டும் கழிப்பறை கழுவச் சொன்னார்கள் என்று புகார் வரும்போதெல்லாம், வேலை செய்தால் என்ன குறைந்துவிடும் என்று எதிர்க்கேள்வி கேட்க ஒருவர் கிளம்பிவிடுகிறார். அவர் வீட்டுப் பிள்ளை அந்த வாளியைத் தூக்கியிருக்காது.

டு பாய்ஸ் 1903-ல் வாஷிங்டனை வெளிப்படையாக விமர்சித்ததற்கும் இதில் பங்குண்டு. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோடை விடுமுறைகளில் டென்னசியின் கிராமங்களில் பாடம் நடத்திச் சம்பாதித்தவர் டு பாய்ஸ். வேலை செய்து படிப்பதை அவர் இழிவாகப் பார்க்கவில்லை. ஓர் இனத்துக்கே கைத்தொழில் போதும், உயர்கல்வியும் வாக்குரிமையும் பிறகு பார்க்கலாம் என்ற பேரத்தைத்தான் அவர் எதிர்த்தார்.

இன்னொரு கல்லூரி வேறு வழியில் போனது. கென்டக்கி மாநிலத்தில் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் ஃபீ 1855-ல் தொடங்கிய பெரியா என்ற நிறுவனம் அது. (பெயரைப் பார்த்து நம் வாசகர்கள் சிரிக்கக் கூடும், விவிலியத்தில் வரும் ஓர் ஊரின் பெயர்.) உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின, வெள்ளை மாணவர்கள் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். 1892 முதல் அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வேலை செய்ய வேண்டும். ஏழை மட்டும் வேலை செய்வது, மற்றவர் பார்ப்பது என்ற பேச்சு அங்கே எழாது. இரண்டு நிறத்தவரும் ஒரே வளாகத்தில் இருப்பதைப் பொறுக்காத கென்டக்கி அரசு 1904-ல் தனிச் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. 1908-ல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. கறுப்பின மாணவர்கள் மீண்டும் பெரியாவுக்குள் வர 1950 ஆனது. வேலைத் திட்டம் அப்படியே தொடர்ந்தது; அதிலிருந்து சமத்துவத்தை மட்டும் அரை நூற்றாண்டுக்கு வெளியே அனுப்பினார்கள்.

மாணவருக்கு வேலை கொடுப்பதை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது பொருளாதாரப் பெருமந்தத்தின்போதுதான். 1935 ஜூன் 26 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை உருவாக்கினார். கல்லூரி மாணவர்களுக்கு நூலகம், ஆய்வகம், அலுவலகம், ஆய்வு உதவி, வளாகப் பராமரிப்பு என்று பகுதிநேர வேலை. சம்பளம் மாதம் சராசரியாக 15 டாலர். நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வக எலிகளைப் பராமரித்து அந்த 15 டாலரை வாங்கியிருக்கிறார். பின்னாளில் ஜனாதிபதியான நிக்சன் டியூக் சட்டக் கல்லூரியில் மணிக்கு 35 சென்ட் வாங்கினார். 1943 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் பயன்பெற்றார்கள். டஸ்கீகி முறையோடு ஒப்பிட்டால் முக்கிய வேறுபாடு பணம் வந்த இடம். கூலி அரசிடமிருந்து மாணவர் பெயருக்கு வந்தது. கல்லூரியின் கஜானா அதைப் பிடித்து வைக்கவில்லை.

ஆனால் தெற்கு மாநிலங்களில் இந்தத் திட்டத்தை நடத்தியவர்களும் வெள்ளையர்களே. அங்கேதான் மேரி மக்லியோட் பெத்யூன் வருகிறார். நம் வாசகர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

பெத்யூன் 1875-ல் தென் கரோலினாவில் பிறந்தார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் 15-வது பிள்ளை. சிறுமியாக இருந்தபோது பருத்தி பறித்தவர். முகம் தெரியாத ஒரு தையல்காரப் பெண் தன் சேமிப்பிலிருந்து அனுப்பிய உதவித்தொகையில் படித்தார். 1904-ல் ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் ஒன்றரை டாலரையும் ஐந்து சிறுமிகளையும் வைத்துக்கொண்டு பள்ளி தொடங்கினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்த்தார். தேசிய இளைஞர் நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவுக்குள் வந்தவர், விரைவில் அதன் கறுப்பினப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

நிர்வாகத்தின் இயக்குநர் ஆப்ரி வில்லியம்ஸ் அலபாமாவைச் சேர்ந்த வெள்ளையர், நேர்மையானவர். மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் விகிதத்துக்குக் குறையாமல் மாணவர் உதவி போய்ச் சேர வேண்டும் என்று அவர் விதி வைத்தார். விகிதாச்சாரம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நமக்குத் தோன்றும். தீரவில்லை. உதவி கேட்க முதலில் கல்லூரிக்குள் வந்திருக்க வேண்டுமே! தெற்கில் பல மாவட்டங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே கிடையாது. அதைத் தாண்டிப் பட்டம் வாங்கியவர் மேற்படிப்புக்குப் போக நினைத்தால், தெற்கத்திய மாநிலப் பல்கலைக்கழகங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளா. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று இடம் காலியாகக் கிடப்பதை நாமும் நம் பல்கலைக்கழகங்களில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

பெத்யூன் செய்த வேலை இந்த இடத்தில்தான். பொது ஒதுக்கீட்டுக்கு மேல் கறுப்பின மாணவர்களுக்கென ஒரு தனி நிதியை வாங்கினார். மேற்படிப்பு மாணவர்களுக்கே அதில் முன்னுரிமை. ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 லட்சம் டாலர், 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். தொகை பெரிதல்ல. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு அவருடைய பிரிவின் கையில் இருந்தது. கூட்டாட்சி அரசின் பணத்தைப் பங்கிடும் அதிகாரம் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் இருந்தது அன்று கேள்விப்படாத செய்தி. மாநில அளவிலும் கறுப்பின அலுவலர்களை நியமிக்க வைத்தார். தெற்கின் உள்ளூர் அதிகாரிகள் கோப்பை இழுத்தடித்தபோது, பின்தொடர்ந்து கேட்க ஆள் இருந்தது. சட்டத்தில் உள்ள விகிதம் நடைமுறைக்கு வர அந்த நாற்காலிகள் தேவைப்பட்டன.

1943-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியை நிறுத்தி அமைப்பை மூடியது. போரால் வேலையின்மை தீர்ந்தது என்பது காரணம். தெற்கத்திய உறுப்பினர்கள் பலருக்கு வில்லியம்ஸ் மீதிருந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த இருபது ஆண்டுகளைத் தாண்டி 1964-க்கு வருவோம். சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறிய ஏழு வாரங்களில், ஆகஸ்ட் 20 அன்று, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வறுமை ஒழிப்புக்கான அந்தச் சட்டத்தில்தான் கல்லூரி வொர்க்-ஸ்டடி திட்டம் பிறந்தது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு வளாகத்தில் பகுதிநேர வேலை, வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 15 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 90 சதவீதம் அரசின் பங்கு. மறு ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது, ‘குறைந்த வருமானக் குடும்பத்தவர்’ என்ற கட்டாயம் ‘முன்னுரிமை’யாகத் தளர்ந்தது.

ஜான்சனுக்கு இது சொந்த அனுபவம். 1920-களின் இறுதியில் டெக்சாஸின் சான் மார்கோஸ் ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது வளாகத்தில் குப்பை பொறுக்கினார், துப்புரவு உதவியாளராக இருந்தார், சீக்கிரமே கல்லூரித் தலைவரின் அலுவலகத்துக்கு உதவியாளராகப் போனார். 1935-ல் தேசிய இளைஞர் நிர்வாகத்தின் டெக்சாஸ் இயக்குநரானவரும் அவரே. 1965 நவம்பர் 8 அன்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட அதே சான் மார்கோஸ் வளாகத்துக்குத் திரும்பி வந்தார். உருக்கமான காட்சிதான். ஆனால் அந்தக் கல்லூரி முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1963-ல், அதுவும் நீதிமன்றத்துக்குப் போன பிறகு. ஜான்சன் துடைப்பம் பிடித்த காலத்தில், ஒரு கறுப்பின இளைஞன் அந்த வளாகத்தை ஆயுள் முழுவதும் பெருக்கியிருக்கலாம். மாணவனாகப் பெருக்கியிருக்க முடியாது. துடைப்பத்திலிருந்து தலைவரின் அலுவலகத்துக்குப் போகும் வழி அவனுக்கு இருந்ததில்லை.

வொர்க்-ஸ்டடி இன்றும் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர், ஆறு லட்சம் அளவில் மாணவர்கள். அரசின் பங்கு இப்போது பொதுவாக 75 சதவீதம். மீதியைக் கல்லூரியோ வேலை கொடுப்பவரோ போட வேண்டும். கறுப்பினக் கல்லூரிகள் போன்ற நிதி குறைந்த நிறுவனங்கள் அந்தப் பங்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக முடியாது. இந்த வருமானத்தை அடுத்த ஆண்டு உதவித்தொகைக் கணக்கில் குடும்ப வருமானமாகச் சேர்ப்பதில்லை. இதெல்லாம் நல்ல விதிகள். பெரிய ஓட்டை நிதி பங்கிடும் முறையில் இருக்கிறது. முன்பு எவ்வளவு வாங்கினார்களோ அதை அடிப்படையாக வைத்து ஒதுக்குவதால், பழைய, வசதியான பல்கலைக்கழகங்களுக்கு அதிகமும், ஏழைகள் நிறையப் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்குக் குறைவும் போகிறது. வறுமை ஒழிப்புச் சட்டத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்தது வசதியானவர் வீட்டில்.

நம் நாட்டிலும் இந்த யோசனை புதிதல்ல. கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் 1919-ல் தொடங்கிய ரயத் சிக்ஷண் சன்ஸ்தா, 1924-ல் சாதாராவில் திறந்த விடுதியில் மராத்தா, மகர், மாங், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகத் தங்க வைத்தது. சமைப்பது, விவசாயம் செய்வது, ஒரே பந்தியில் சாப்பிடுவது எல்லாம் எல்லோருக்கும். தானியம் இல்லாத நாளில் பாவ்ராவின் மனைவி லட்சுமிபாய் தன் நகைகளை விற்றுச் சோறு போட்டார், தாலி உட்பட. 1947-ல் தொடங்கிய சாதாரா சிவாஜி கல்லூரியிலும் உழைத்துப் படிக்கும் முறை தொடர்ந்தது. தீண்டப்படாத சாதிப் பிள்ளை பிசைந்த மாவில் சுட்ட ரொட்டியை மற்ற சாதிப் பிள்ளை சாப்பிட்ட இடத்தில் உழைப்பு சாதியை உடைத்தது. அந்த விடுதியை விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது டஸ்கீகி இரவுப் பள்ளி.

அம்பேத்கர் வளாக வேலை செய்து படித்தவரல்ல. 1913-ல் பரோடா அரசு கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார். அதற்கு ஈடாகத் திரும்பி வந்து 10 ஆண்டு பரோடாவில் பணி செய்ய ஒப்பந்தம் போட்டிருந்தார். 1917-ல் போய்ச் சேர்ந்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசை மீது எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, தங்க வீடு இல்லை. சில நாட்களிலேயே வெளியேற வேண்டியிருந்தது. படிப்புக்கு ஈடாக வேலை என்ற ஒப்பந்தம் சாதி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆனது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு 1944 முதல் கிடைத்துவரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வேலை நிபந்தனை எதுவும் இல்லாத பணமாக இருப்பதை நாம் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறோம்.

வளாக வேலையை நாம் எதிர்க்கவில்லை. உதவித்தொகை வந்து சேர்வதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும் நிலையில், இரவில் கேட்டரிங் பரிமாறவும் உணவு டெலிவரி செய்யவும் போகும் மாணவருக்கு நூலகத்தில் நான்கு மணி நேர வேலை பெரிய ஆறுதல். ஆனால் திட்டம் வரும்போது நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தச் சம்பளம் உதவித்தொகைக்கு மேலாகவா, பதிலாகவா? போஸ்ட் மெட்ரிக் தொகைக்குக் குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்; மாணவரின் இந்தச் சம்பளம் அதில் சேராது என்று அரசாணை வருமா? மாநிலம் அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருமா, விடுதிக் கட்டணத்தில் கழிக்கப்படுமா? துறைவாரியாக யாருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்ற பட்டியலைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவார்களா? ஆய்வகமும் அலுவலகமும் ஒரு பக்கம், மெஸ்ஸும் மைதானமும் ஒரு பக்கம் என்று பிரிந்தால் அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

பல்கலைக்கழகங்களில் எஸ்சி, எஸ்டி செல் என்று ஓர் அறை இருக்கிறது. பெரும்பாலும் சுற்றறிக்கை ஒட்டும் அறை. வேலை ஒதுக்கும் பட்டியல் அந்தச் செல்லின் கையெழுத்து இல்லாமல் செல்லாது, அந்தக் கையெழுத்தைப் போடுபவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த முழுநேர அலுவலராக இருக்க வேண்டும் என்று நெறிமுறையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நாம் மனு கொடுக்கலாம்.